பதினான்கு பாகைக்கு முன்னம்

கிரேகிபர்ன், மெல்பேர்ன்
11 ஏப்ரல் 2025

திருவாளர் அரியரத்தினம் அவர்களுக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் நானும் எழுதவில்லை. உங்கள் பிரஷர் குளிசையை நாள்வாரியாக நீலப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். மறக்காமல் எடுங்கள்.

போன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் மகன் தனோஜன்தான் கதைப்பான். முப்பத்தாறு வருஷமாக நான் சொன்னதற்கெல்லாம் "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் நினைத்ததையே செய்திருக்கிறீர்கள். சொல்ல ஏதும் இருந்தால் கடதாசியில் எழுதுங்கள். பேனை பிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று போன கிழமை பார்த்தேனே. பின்வளவு முழுவதையும் மூடி கிரானி பிளாற் என்று ஒரு சின்ன வீடு கட்டவென்று கட்டிடக்காரன் சிறியின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, ஜூன் இருபத்திநாலு கொங்கிரீட் ஊற்ற ஆட்கள் வருவார்கள் என்று சோறு பிசைந்தபடி எனக்குச் சொன்னவர் நீங்கள்.

அந்தப் புல்லை நான் எப்படி வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி லோண்டரியில் இரவு வேலை முடித்து வந்து, பக்கத்து வேலியால் எட்டிப் பார்த்த பஃபலோ புல்லின் கொடிகளை வெட்டி, ஒரு சாணுக்கு ஒன்றாக நட்டேன். வளவு மூட இரண்டு வருஷம் எடுத்தது. வீட்டை நீங்கள் தெரிவு செய்தீர்கள். காரையும், மகனின் படிப்பையும், குசினிச் சுவரின் நிறத்தையும் நீங்கள்தான். அந்த வீட்டில் நான் கேட்டு நடந்தது அந்தப் புல் ஒன்றுதான்.

கொங்கிரீட் ஊற்றிய வீட்டுக்கு நான் வரமாட்டேன். இது கோபத்தில் எழுதியது இல்லை. இரண்டு தரம் யோசித்து எழுதியது. தனோஜனிடம் சும்மா வந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சிவகௌரி


கிரவீன், சிட்னி
17 ஏப்ரல் 2025

அன்பின் கௌரிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் மருமகளும் சுகம் என்று நம்புகிறேன். உமது கடிதம் ஆறு நாள் எடுத்து இன்றைக்குத்தான் வந்தது. உறையில் "திருவாளர்" என்று கண்டதும் கவுன்சில் கடிதமாக்கும் என்று நினைத்து இரண்டு மணித்தியாலம் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

நான் என்ன குற்றம் செய்தேன்? ஓய்வு பெற்று எட்டு மாதம். முப்பது வருஷம் ரயில் சிக்னல் பெட்டிகளோடு ஓடித் திரிந்தவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கலாம்? வளவில் ஏதாவது எழும்பினால் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று நினைத்தேன். வாடகைக்கும் கொடுக்கலாம். உமக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டில் சத்தமே இல்லை. ரீவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய் இருக்கிறேன்.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். கடையில் வாங்கிய கத்திரிக்காயைச் சுற்றித் தந்த பத்திரிகையில், குளிர் தொடங்குமுன் புல்லுக்குக் கடைசியாக ஒருமுறை பசளை போட வேண்டும் என்று கண்டேன். நீர் வருஷாவருஷம் போடுவீரே, எப்போது? கொட்டிலில் இரண்டு மூட்டை இருக்கிறது, ஒன்று பச்சை, ஒன்று நீலம். எது? எவ்வளவு? நாளையிலிருந்து ஈஸ்டர், தபால் ஓடாது. ஆறுதலாக எழுதும்.

என்றும் உமது,
அரியம்


கிரேகிபர்ன்
26 ஏப்ரல் 2025

திருவாளர் அரியரத்தினம் அவர்களுக்கு,

எல்லாரும் சுகம். இங்கே குளிர் வந்துவிட்டது, எனக்கு முழங்கால் கொஞ்சம் இழுக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூனில் கொங்கிரீட் ஊற்றப்போகிற புல்லுக்கு மேயில் எதற்குச் சாப்பாடு? தூக்குத் தண்டனைக்காரனுக்குக் கடைசி நாளில் கேட்டதைக் கொடுப்பார்களாமே, அந்த மாதிரியா?

ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு வராது. கலண்டரைப் பார்த்துப் போடுவதில்லை. மண்ணைப் பார்த்துப் போடுவது. பஃபலோ புல்லுக்கு மண்ணில் சூடு இருக்கும்வரைதான் பசி. பதினான்கு பாகைக்குக் கீழே போனால் அது உறங்கிவிடும், போட்டது வீண். முந்திப் போட்டாலும் கூடாது. இளம் குருத்து விட்டுக்கொண்டு நிற்கும், முதல் உறைபனி அதைத்தான் கருக்கும். நடுவில் இரண்டு கிழமை கிடைக்கும், அதைப் பிடிக்க வேண்டும். தனோஜன் வீட்டுப் புல் வேறு சாதி, அதற்கு ஜூன் வரை போடலாம். எங்கள் புல் அப்படிப் பொறுக்காது.

ஆனால் நீங்கள் போட வேண்டாம். கை வைக்காமல் விடுங்கள். அது தன்பாட்டில் இருக்கட்டும்.

சிவகௌரி


கிரவீன்
2 மே 2025

அன்பின் கௌரிக்கு,

முழங்காலுக்கு அந்தப் பச்சை எண்ணெயைச் சூடாக்கிப் பூசும். இங்கே நான் சுகம்.

எது நீலம், எது பச்சை என்று நீர் சொல்லவே இல்லை. மூன்று தரம் வாசித்துவிட்டேன், பின்பக்கமும் பார்த்தேன்.

தயிர் போடப் பாலின் சூடு பார்க்கிற உமது வெப்பமானியை எடுத்துக்கொண்டு நேற்றிலிருந்து மண்ணில் குத்திப் பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நாலு இடத்தில். நேற்று பதினேழரை. இன்றைக்குப் பதினேழு. கிணற்றடி மாதிரி எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தப் பைப் மூலையில் பதினாறு. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். வெப்பமானியை வடிவாகக் கழுவித்தான் திரும்ப வைக்கிறேன், பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கல்யாணி வேலைக்குப் போகிற அவசரத்தில் வேலியால் எட்டிப் பார்த்து, "அங்கிள், எதையாவது தொலைச்சிட்டீங்களா? நான் வந்து தேடட்டுமா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, காய்ச்சல் பாக்கிறன்" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு நாளைக்கு அரைப் பாகை இறங்கினால் எத்தனை நாள் இருக்கிறது என்று நீரே கணக்குப் பாரும். உமது கடிதம் வர ஆறு நாள். தயவுசெய்து உடனே எழுதும். எந்த மூட்டை?

அரியம்


கிரவீன்
6 மே 2025

கௌரிக்கு,

சுகம். நீரும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்றும் தபால் இல்லை, இன்றும் இல்லை. தபால்காரப் பெடியன் மோட்டார் சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவன் இப்போது தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்று காட்டுகிறான்.

இன்றைக்குப் பதினைந்தரை. பைப் மூலையில் பதினைந்து. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் எழும்பினால் கால் தானாகப் பின்னால் போகிறது. பொழுது சாயுமுன் இன்னும் ஒருமுறை குத்திப் பார்க்கிறேன், அது தேவையில்லை என்று தெரிந்தும்.

இனி உமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. சனிக்கிழமை காலை வழக்கம்போல மேய்ஸ் ஹில் கோயிலுக்கு மரக்கறி வெட்டப் போக வேண்டும். ஞாயிறு பதினோராம் தேதி நானே பசளை போடுகிறேன். பிழை வந்தால் என்னில்.

அரியம்


கிரேகிபர்ன்
7 மே 2025

திருவாளருக்கு,

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் பார்க்கிறன் என்று சொன்னதை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தோம். அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

எண்ணெய் பூசினேன், முழங்கால் பரவாயில்லை.

மூட்டையைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் இரண்டையும் கலந்து போடுவீர்கள். வெங்காயச் செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னதற்கு அதை மூழ்கடித்தவர் நீங்கள். புல்லைப் பற்றி யோசிக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை கோயிலுக்குப் போவீர்கள்தானே? எப்போதும்போல ஏழு மணிக்குப் போய் ஒரு மணிக்குத்தானே வருவீர்கள்? சும்மா கேட்டேன்.

சிவகௌரி


கிரவீன்
13 மே 2025

அன்பின் கௌரிக்கு,

நல்ல சுகத்தோடு எழுதுகிறேன், இவ்வளவு சுகமாக நான் இருந்து ஒரு மாதம். நீரும் இதை வாசித்து மகிழ வேண்டும்.

போட்டுவிட்டேன்!

ஞாயிறு காலை ஒன்பதேகால். மண் பதினான்கரைப் பாகை. கடைசி ரயிலின் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறியது போலத்தான். மூட்டைகளில் இருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். பச்சை வசந்தத்துக்கு, இலை வளர. நீலத்தில்தான் பொட்டாசு கூட, குளிர் தாங்க வேரைப் பலப்படுத்துவது. ஆகவே நீலம். சரிதானே? வளவைக் கயிறு கட்டி எட்டாகப் பிரித்து, தராசில் நிறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அளவு. ஒரு குறுணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் நாள் கோயிலால் வந்தபோதே புல் நனைந்திருந்தது. இங்கே மட்டும் ஒரு தூறல் பெய்து போயிருக்க வேண்டும், தெருவெல்லாம் காய்ந்துதான் கிடந்தது. மண்ணில் ஈரம் இருந்தபடியால் பசளைக்கு மேல் தண்ணீர் கொஞ்சமாகத்தான் விட்டேன். மூழ்கடிப்பேன் என்று நீர் எழுதிய கடிதம் இன்றைக்கு வந்தது. பாரும், நான் மூழ்கடிக்கவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும்? பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?

அரியம்


கிரவீன்
23 மே 2025

அன்பின் கௌரிக்கு,

இங்கே எல்லாம் நல்ல சுகம். புல்லும் நல்ல சுகம். பச்சை என்றால் அப்படியொரு பச்சை.

பத்து நாளாக உமது கடிதம் இல்லை. முழங்கால் நோ கூடிவிட்டதா? தனோஜனுக்குப் போன் எடுத்தேன், "அம்மா ஓகே அப்பா" என்று மட்டும் சொன்னான்.

கோயிலில் என்னோடு மரக்கறி வெட்டுகிற ராகவேந்திரா என்று ஒருவர், பெங்களூர்க்காரர், உமக்குத் தெரியாது. அவருடைய புல்லில் பசளை போட்டு ஒரு கிழமையில் மண்ணிறப் பட்டைகள் விழுந்துவிட்டதாம். வேலிப்பக்கம் வைக்கோல் மாதிரி. நாளுக்கு நாள் கூடுகிறதாம். மனுசன் பாவம், படுத்தால் நித்திரை இல்லை, சாப்பிட மனமில்லை. எல்லாம் அளந்துதான் போட்டாராம். அப்படியானால் என்ன செய்வது என்று உம்மிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் அவசரம்.

அரியம்


கிரேகிபர்ன்
3 ஜூன் 2025

அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நித்திரை கொள்கிறீர்களா? ராகவேந்திராவைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன்.

அவருக்குச் சொல்லுங்கள். பைப்பைத் திறந்து ஐந்தாறு நாள் ஊற ஊறத் தண்ணீர் விட வேண்டும், வேரடியில் நிற்கும் பசளை கழுவுப்பட்டுக் கீழே போகும்வரை. வெட்ட வேண்டாம். மிதிக்க வேண்டாம். வேறு எதுவும் போடவே வேண்டாம். இலை எரிந்தாலும் கொடி உயிரோடு இருக்கலாம். அது செப்டெம்பரில்தான் தெரியும். குளிர்காலத்தில் எந்தப் புல்லும் பதில் சொல்லாது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீங்கள் அளந்ததில் பிழை இல்லை. நீலம் சரி, அளவு சரி, நாளும் சரி. ஆனால் அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, நீங்கள் கோயிலில் இருந்தபோது, அதே புல்லுக்குக் கல்யாணி தான் வாங்கிவந்த பசளையைப் போட்டுத் தண்ணீரும் விட்டாள். நான்தான் போனில் கெஞ்சினேன். "ஆன்ட்டி, அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, அவருக்குத் தெரிஞ்சால் நான் விட்டுக்குடுத்திட்டன் எண்டு நினைப்பார்" என்றேன். அன்றைக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போக இருந்தவள், எனக்காக நின்று அதைச் செய்தாள். நீங்கள் கண்ட ஈரம் மழை இல்லை. உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் எனக்குப் பன்னிரண்டாம் தேதிதான் வந்தது. அதற்குள் இரண்டு பேரும் போட்டு முடிந்துவிட்டது.

கல்யாணி படம் அனுப்பினாள். அழுதாள். நானும் அழுதேன். கொங்கிரீட்டிடமிருந்து காப்பாற்ற நினைத்த புல்லை நானே எரித்தேன்.

ஒரு பழைய கதை. வேலை முடிந்து வந்து, குளிர்கால மத்தியானத்தில் அந்தப் புல்லில்தான் நான் படுப்பேன். வெயிலில் முதுகு இளகும். ஒரு நாள் உங்கள் ஒஃபிஸ் ஆட்கள் திடீரென்று வந்தார்கள். நீங்கள் பின்னால் ஓடிவந்து, "எழும்பும், எழும்பும், பாத்தால் என்ன நினைப்பினம்" என்றீர்கள். எழும்பிப்போய் தேத்தண்ணீர் போட்டேன். பிறகு நீங்கள் வீட்டில் இருக்கும்போது நான் அங்கே படுத்ததில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

கொங்கிரீட் ஊற்றுங்கள். இனி எனக்குத் தடுக்க முகமில்லை. எரிந்ததை மூடினால் பார்க்காமலாவது இருக்கலாம். தனோஜன் பின்னறையை எனக்கென்று ஒழுங்குபடுத்திவிட்டான். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

கௌரி


கிரவீன்
11 ஜூன் 2025

என் அன்பின் கௌரிக்கு,

நான் சுகமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை, பிரஷர் இல்லை, ஆனால் சுகமில்லை.

ராகவேந்திராவின் புல் பச்சையாகத்தான் இருக்கிறது. அது உமக்குத் தெரியும்.

கொங்கிரீட் வராது. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதியே சிறியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அண்ணை, என்ன விளையாடுறியளோ? பிளான் எல்லாம் கீறி முடிஞ்சுது" என்று சத்தம் போட்டான். போடட்டும். அதற்குப் பிறகுதான் வெப்பமானியைத் தூக்கினேன்.

அன்றைக்கே உமக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீர் விலகிப்போனதும் நான் பணிந்துவிட்டேன் என்று ஆகுமே என்ற வீம்பு. பிறகு, சொல்வதைவிடச் செய்து காட்டுவோம், புல்லைப் பச்சையாக வைத்திருந்தால் நீர் ஒரு நாள் வந்து பார்த்து விளங்கிக்கொள்வீர் என்று நினைத்தேன். பிறகு அது எரிந்தது. எரிந்த புல்லை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல? ஒரு வரி எழுதியிருந்தால் நீர் கல்யாணியிடம் கெஞ்சியிருக்கமாட்டீர். ஆகவே நீர் எரிக்கவில்லை. என்னுடைய வாய்தான் எரித்தது, திறக்காமல் இருந்து.

அந்த ஒஃபிஸ் ஆட்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நீர் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தீர். முதுகில் புல் ஒட்டியிருந்தது. அதோடேயே தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தீர். தட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆட்களுக்கு முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளும்.

உமது கடிதம் வந்த அன்றே பைப்பைத் திறந்தேன். நேற்று உறைபனி. வெயில் ஏறிய பிறகு, கொடியில் உயிர் இருக்கிறதா என்று கிட்டப் பார்க்கக் குப்புறப் படுத்தேன். கல்யாணி வேலியால் பார்த்துவிட்டாள். "ஐயோ, அங்கிள்! விழுந்துட்டீங்களா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கத்தினாள். "இல்லைப் பிள்ளை, சும்மா படுத்திருக்கிறன்" என்றேன். எழும்பவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். மற்றப் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

புல் வருமோ வராதோ எனக்குத் தெரியாது. நீர் வர வேண்டும். பின்னறை தனோஜனுடையது, இது உம்முடைய வீடு.

உமது,
அரியம்


கிரவீன், குசினி மேசை
21 ஜூன் 2025, சனிக்கிழமை, பதினொன்றரை

அத்தான்,

சுகம் கேட்கத் தேவையில்லை, நீலப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். புதன், வியாழன் குளிசை அப்படியே கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு கதைக்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய் வந்தது. பதில் எழுதினால் ஆறு நாள் எடுக்கும், பிளேனில் வந்தால் ஒன்றரை மணித்தியாலம். கல்யாணி விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்தாள். நீங்கள் கோயிலில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். வாசலில் நீங்கள் நின்றிருந்தால் இரண்டு பேரும் பசளையைப் பற்றித்தான் கதைத்திருப்போம்.

புல்லைப் பார்த்தேன். படத்தில் கண்டதைவிட மோசம். விரலால் கிளறினேன். மூன்று இடத்தில் கொடி பச்சையாக இருக்கிறது, மற்ற இடங்கள் தெரியவில்லை. செப்டெம்பர் வரை பார்ப்போம். வராவிட்டால் திரும்ப நடுவோம். இந்த முறை நீங்களும் குனிய வேண்டும்.

சோறு அடுப்பில் இருக்கிறது. கத்திரிக்காயும் வைத்திருக்கிறேன். வெயில் நன்றாக விழுகிறது, நான் பின்னால் புல்லில் படுத்திருக்கிறேன். யாரும் வந்தால் நீங்களே கதவைத் திறந்து, கதிரையைக் காட்டி, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். யன்னலால் பார்த்து யார் அது என்று கேட்டால், "என்ரை மனுசி, படுத்திருக்கிறா" என்று சொல்லுங்கள்.

என்னை எழுப்ப வேண்டாம்.

கௌரி